தேவானந்தத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள்

கிழக்குத் தாம்பரத்தில் தேவானந்தத்தைக் குறை சொன்ன ஆள் ஒருத்திதான். அவனுடைய அக்கா தபீதாள். மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசும்போது கோயிலுக்குள் நுழைந்துவிட்டவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆறு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனதில்லை. தோள்பையில் இன்லண்ட் லெட்டர்களையும் கார்டுகளையும் போட்டுக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி டி.பி. ஆஸ்பத்திரிக்கு நடப்பான். ஆண்கள் வார்டில் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, எழுதத் தெரியாத நோயாளிகள் சொல்லச் சொல்ல எழுதுவான். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீடு திரும்புவான்.

அவனுடைய அப்பா பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை செய்தவர். கைநாட்டு. அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போன முதல் பையன் தேவானந்தம்தான். அதனால் தெருவுக்கு வந்த கடிதமெல்லாம் அவனிடம் வந்தது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் பத்து வயதில் அவனுக்குத்தான் முதலில் தெரியும். பெரிய பெரிய ஆட்கள் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவன் பி.ஏ. படித்தான். எழும்பூரில் ரயில்வே ஆபீஸில், தபால் அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில், கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே நாற்பது மேஜைகள். ஹெட் கிளார்க் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்ப்பா டெஸ்பாட்ச்" என்பார்.

வார்டுக் கடிதங்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. டி.பி. ஆஸ்பத்திரி விலாசத்தோடு ஒரு கார்டு ஊருக்குப் போனால் போதும், தபால்காரரிலிருந்து தண்ணீர் எடுக்கிற பெண்கள் வரை விஷயம் பரவிவிடும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தால் வந்த வரன் திரும்பிப் போகும். ஆகவே அனுப்புநர் இடத்தில் தேவானந்தம் தன் வீட்டு விலாசத்தையே எழுதுவான். நோயாளியின் பெயர், அதன் கீழே, இன்னார் மூலம் என்கிற பொருளில், "மே/பா தேவானந்தம், பி.ஏ." பதில்களெல்லாம் அவன் வீட்டுக்கே வந்தன.

"இன்னிக்கு ஏழு சார்," என்பார் தபால்காரர் லாசரஸ், சைக்கிளிலிருந்து இறங்காமலே. "நம்ம பீட்ல பேங்குக்குக்கூட இவ்ளோ வரல."

தபீதாளுக்கு இது பிடிக்காது. அவள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் சட்டையை வாசலிலேயே கழற்றவேண்டும் என்பது அவள் சட்டம். டெட்டால் வாளியில் சட்டையை அமுக்கிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு. உன் விஷயத்துல லாசரஸோட சைக்கிள் மணிக்குக்கூடத் தெரியுது."

"நான் யார்கிட்டேயும் சொல்றதில்லையே அக்கா."

"நீ எங்கே சொல்றே? அதான் பி.ஏ. சொல்லுதே, ஒவ்வொரு கார்டுலயும்."

அவன் சிரிப்பான். உள்ளே எதுவும் தைக்காது. அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அறுபத்தெட்டில் பதினோராம் நம்பர் கட்டிலுக்குச் சிட்டிபாபு வந்தான். சைதாப்பேட்டையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவன். அவன் படுத்ததும் மனைவி பொன்னியம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு அச்சிறுபாக்கம் பக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அண்ணனுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண். வியாதியின் பெயர் அந்த வீட்டில் வாயில் வரக்கூடாது. வந்து பார்க்கவும் விடமாட்டார்கள். கடிதம் ஒன்றுதான் வழி.

"நல்லா கீறேன்னு எழுது சார்," என்பான் சிட்டிபாபு. "இருமல் நின்னுபோச்சுன்னு எழுது. ரொம்ப நல்லா கீறேன்னு மட்டும் எழுதாத. அப்பால கவலையே படமாட்டா."

"அப்ப எப்படித்தான் எழுதறது?"

"நீதான பி.ஏ. படிச்சிகினு வந்திருக்க? நடுவுல இன்னா கீதோ அத எழுது."

வார்டே சிரிக்கும். சிரித்தவர்களுக்கு இருமல் வரும். நர்ஸ் சாராள் தலையை நீட்டி எல்லோரையும் அதட்டுவாள்.

பொன்னியம்மாளின் பதில்களை அண்ணன் மகள் எழுதினாள். வட்ட வட்டமான எழுத்து. ஒரு தடவை கடைசியில் ஒரு வரி இருந்தது: கடிதம் எழுதிக் கொடுக்கிற அண்ணாவுக்கு என் கும்பிடு, அவர் எங்களுக்குத் தெய்வம். சிட்டிபாபுவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் தேவானந்தம் விட்டுவிட்டான். கூச்சத்தினால்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அதற்கு முன்பே வீட்டில் அதை நாலைந்து தடவை படித்திருந்தான்.

அறுபத்தொன்பது செப்டம்பர் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சிட்டிபாபு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சளியில் கிருமி இல்லையாம். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையை இன்னும் ஒரு வருஷம் விடாமல் கொடுக்கவேண்டும், அதைச் சொல்லி அனுப்ப வீட்டு ஆள் ஒருவர் வந்து அழைத்துப்போகட்டும் என்றாராம்.

"எழுது சார். வேயாழக்கெயம காலைல வண்டியப் புடிச்சி வந்துடுன்னு எழுது. குழந்தையும் தூக்கிகினு வரச் சொல்லு. அண்ணங்காரன் இன்னா சொன்னாலும் வந்துடணும்னு அடிக்கோடு போடு."

தேவானந்தம் எழுதினான். அடிக்கோடும் போட்டான். அன்று ஒன்பது கடிதங்கள். சாயங்காலம் பெட்டியில் எட்டு விழுந்தன.

மறுநாள் காலை, ரயில் குரோம்பேட்டையைத் தாண்டும்போது சாப்பாட்டு டப்பாவைச் சரியாக வைக்கப் பையைத் திறந்தவன் அந்த இன்லண்ட் லெட்டரைப் பார்த்தான். கிழிந்த உட்துணியில் சொருகிக்கொண்டிருந்தது. எழும்பூர் ஸ்டேஷனிலேயே தபால் பெட்டி இருக்கிறது. அவன் அதைத் தாண்டித்தான் படியேறினான். கை பைக்குள் போய், கடிதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். வேறொன்றும் நினைக்கவில்லை. பிற்பாடு அதைத்தான் அவன் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தான். கெட்ட நினைப்பு ஒன்று அங்கே ஓடியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். எதுவும் ஓடவில்லை. செவ்வாயும் அப்படியே போயிற்று, புதனும்.

பதினாலாம் தேதி சிட்டிபாபு கேட்டான்: "பதில் வந்திச்சா சார்?"

"இன்னும் வரலை."

அது பொய் இல்லை.

"பதில் எதுக்கு? ஆளே வரப்போறா," என்று சிட்டிபாபு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரனிடம் சீப்பு கடன் வாங்கித் தலை வாரிப் பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமைக்கு ஒத்திகை.

இருபத்தோராம் தேதி தேவானந்தம் வார்டுக்குள் நுழைந்தபோது பதினோராம் கட்டிலில் முதுகுதான் தெரிந்தது. வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து கேட்டருகே நின்றானாம். வெள்ளிக்கிழமையும் நின்றானாம். துணி மூட்டை கட்டியபடி கட்டிலுக்கடியில் கிடந்தது. நர்ஸ் சாராள் தேவானந்தத்தைத் தனியே கூப்பிட்டு, "மூணு நாளா மாத்திரையை வாங்கி வாயில போட்டுட்டு ஜன்னல் வழியா துப்பறான் சார். பாதியில நிறுத்தினா மறுபடியும் முதல்லேர்ந்து வரும். நீங்க சொன்னா கேப்பான்," என்றாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். சிட்டிபாபுவின் தோளில் கை வைத்தான்.

"வருவாங்க சிட்டிபாபு. ஏதாவது தடங்கலா இருக்கும்."

"இன்னா தடங்கலு? வேணாம்னு முடிவு பண்ட்டா சார். சீக்காளிய எவ வச்சிகினு பேஜார் படுவா?" சிட்டிபாபு திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தேவானந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "உனுக்கு கீற அக்கற எம் பொண்டாட்டிக்கு இல்லியே சார். நீ ஒருத்தன்தான் எனுக்கு."

அப்போது தேவானந்தத்தின் நெஞ்சில் ஏதோ இதமாகப் பரவிற்று. பசித்தவன் முதல் கவளத்தை விழுங்கினாற்போல. அதை அவன் நன்றாகப் பார்த்தான். கடிதம் தொடையை ஒட்டினாற்போல் பையில் இருந்தது. எடுத்து நீட்டவேண்டியதுதான். அவன் மாத்திரையை எடுத்துக் கொடுத்தான். சிட்டிபாபு அவனுக்காக விழுங்கினான்.

சாயங்காலம் சட்டையை வாங்கும்போது தபீதாள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா?"

"அந்த ரிக்‌ஷாக்காரரைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலை."

"நீ எழுதலையா?"

"எழுதினேன்."

"போட்டியா?"

அவன் கிணற்றடியைப் பார்த்தான்.

"என் கிளாஸ்ல முப்பத்தெட்டு பசங்க," என்றாள் தபீதாள். "வீட்டுப்பாடம் எழுதிட்டேன் டீச்சர், நோட்டு வீட்ல இருக்குன்னு சொல்றவன் மூஞ்சி எனக்குத் தெரியும்." சட்டையை வாளியில் போட்டாள். அதன்மேல் வழக்கமாக வரும் பேச்சு வரவில்லை. "ஏண்டா?"

"தெரியலைக்கா."

"சரி. என்கிட்ட முழிச்சு என்ன ஆகப்போகுது? போய் அவன்கிட்ட சொல்லு."

மறுநாள் அவன் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே வார்டுக்குப் போனான். ஞாயிறு அல்லாத நாளில் அவனைக் கண்டதும் சிட்டிபாபு எழுந்து உட்கார்ந்தான். தேவானந்தம் கடிதத்தைக் கட்டிலில் வைத்தான்.

"இதைத் தபால்ல போட மறந்துட்டேன். பையில கிழிசல்ல மாட்டிக்கிச்சு."

சிட்டிபாபு அதைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துத் தெரியாவிட்டாலும் அடிக்கோடு தெரியுமே. பிறகு தொடையில் தட்டினான்.

"அடப்பாவி மன்சா! அப்ப அவளுக்குத் தெரியவே தெரியாதா? நான் இன்னான்னமோ திட்டிகினு கெடந்தனே. போ சார், மறதி யாருக்கு இல்ல? நானே ஒரு தபா சவாரிய வுட்டுட்டு வெறும் வண்டிய மிதிச்சிகினு வந்தவன்." முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். தேவானந்தத்தால் முடிக்க முடியவில்லை.

"மறக்கலை," என்றான். "மறுநாளே பார்த்துட்டேன். தெரிஞ்சேதான் வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க போயிட்டா அந்த வீட்லேர்ந்து கடிதம் வராது. அதுதான்னு நினைக்கிறேன்."

சிட்டிபாபுவின் சிரிப்பு உடனே போகவில்லை. விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுடுகிற கண்ணாடி போல முகத்தில் தங்கியிருந்து, பிறகு போயிற்று.

"அத இன்னாத்துக்கு சார் எங்கையில சொல்ற?" என்று மெதுவாகக் கேட்டான். "மறந்துட்டேன்னியே, நானும் செரின்னேனே. அத்தோட வுட்டிருக்கலாமில்ல? உன் பாரத்த எறக்கி எந்தலையில வச்சிட்ட. இப்ப நான் இத வச்சிகினு இன்னா பண்றது?"

உண்மையைச் சொல்லுவது இவனுக்குச் செய்கிற நன்மை என்று எண்ணித்தான் தேவானந்தம் ரயில்வே கேட்டைத் தாண்டி வந்திருந்தான். நெஞ்சு லேசாகியிருந்தது நிஜம். யாருக்கு நன்மை என்பது இப்போது தெரிந்தது.

"வேற எழுது," என்றான் சிட்டிபாபு. "சனிக்கெயம வரச் சொல்லி."

எழுதினான். எழுதி முடித்ததும் சிட்டிபாபு காகிதத்தை வாங்கி, மருந்து வண்டி தள்ளிவந்த நர்ஸ் சாராளிடம் நீட்டினான்.

"நர்ஸம்மா, இத கொஞ்சம் படி."

"சார்தான் பக்கத்துல இருக்காரே?"

"அவரு எழுதினாரு. நீ படி."

அவள் ஒன்றும் புரியாமல் உரக்கப் படித்தாள். நாள், கிழமை, வண்டி எல்லாம் சரியாக இருந்தன. சிட்டிபாபு விளிம்பைத் தானே எச்சில் தொட்டு ஒட்டினான். ஆஸ்பத்திரி உடுப்போடு கேட்டுக்கு நடந்து, ரத்தினபாயின் பழக்கடைக்குப் பக்கத்திலிருந்த பெட்டியில் போட்டான். உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியை இரண்டு தட்டு தட்டினான். தேவானந்தம் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவமானமாக இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. வெயில் அடிக்கிறது என்பதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை பொன்னியம்மாள் வந்து அழைத்துப்போனாள். மறுநாள் பதினோராம் கட்டிலில் மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு தறிக்காரர் படுத்திருந்தார். தேவானந்தம் அவருக்கு எழுதி, அனுப்புநர் விலாசத்துக்கு வந்தபோது அவர் தடுத்தார்.

"மே/பா ரத்தினபாய், பழக்கடைன்னு போட்டுடுங்க. ரிக்‌ஷாக்காரரு அந்தம்மாகிட்ட பேசி ஏற்பாடு பண்ணிட்டுப் போனாராம். சாருக்கு எதுக்கு சிரமம்னு." பிறகு கையை நீட்டினார். "குடுங்க, நானே போட்டுக்கறேன்."

அடுத்த கட்டிலிலும் கை நீண்டது. அதற்கடுத்த கட்டிலிலும். சிட்டிபாபு காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனானா, சொல்லாமலே போனானா என்பது தேவானந்தத்துக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

நவம்பரில், கோயிலில் விளைச்சலைக் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆஸ்பத்திரி ஊழியத்தைப் பற்றிச் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்று போதகர் கேட்டார். முடியாது என்றான். "எவ்வளவு தாழ்மை பாருங்க," என்றார்கள் கோயிலில். அவன் பேர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

லாசரஸ் வாசலில் நிற்காமல் போக ஆரம்பித்தார். ஒருநாள் மட்டும் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சார், ஊர்ல அல்லாருக்கும் ஒடம்பு தேறிப்போச்சா?" என்றார்.

தேவானந்தம் போவதை நிறுத்தவில்லை. எழுபத்தைந்தில் காட்பாடிக்கு மாற்றலாகும் வரை ஞாயிறுதோறும் போனான். ஒரு கடிதமும் அவனைத் தேடி வரவில்லை, ஒரு கும்பிடும் வரவில்லை. இப்போது செய்வதுதான் கலப்பில்லாததோ என்று சில நாள் யோசித்தான். உள்ளே கையைவிட்டுத் துழாவினால் சந்தோஷமும் அகப்படவில்லை, வருத்தமும் அகப்படவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல மரத்திருந்தது. பயத்தினால் போகிறானோ, போகாவிட்டால் ஊர் ஏன் என்று கேட்கும் என்பதற்காகவோ. அதுவும் தெரியவில்லை.

"இனிமே எதுக்குடா போறே?" என்று தபீதாள் ஒருமுறை கேட்டாள். பரிகாசம் இல்லாமல் கேட்டாள்.

"எழுதத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் போறதில்லையே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னு தெரியலைக்கா."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டில் தறிக்காரர் சொல்லி முடித்திருந்தார். தேவானந்தம் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தான். அவர் அதைத் தலையணைக்கடியில் வைத்து, இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனான்.