பிளாஸ்திரி ஒட்டிய கட்டை

என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கீபோர்டில், நடுவிலுள்ள ஒரு வெள்ளைக் கட்டையின் மேல் பசைத் தடம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியின் தடம் அது. கொடைக்கானல் ஈரத்தில் அந்த ஒரு கட்டை மட்டும் செத்துப்போயிருந்தது. அமுக்கினால் சத்தம் வராது. மறந்துபோய் அதில் விரல் வைக்கக் கூடாதென்று எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அடையாளத்துக்கு ஒட்டியிருந்தார். பழுது பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல்லுக்கு இறக்க வேண்டும். அந்தச் சோலிக்கு யாருக்கும் நேரமிருக்கவில்லை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போன கீபோர்டு, அலுவலகத்தை ஒட்டிய சாமான் அறையில் கிடந்தது. டீச்சர் ஐம்பத்துமூன்றாவது வயதில் அதன் முன்னால் உட்கார்ந்தார். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும், விரல் நுனி கத்தரித்த கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு வருவார். ஒரே ஒரு கீர்த்தனைதான். ஒரு வாரத்துக்கு ஓர் அடி. அது கைக்கு வராவிட்டால் அடுத்த வாரமும் அதே அடி. செத்த கட்டையின் இடம் வரும்போது விரலைத் தூக்கிக்கொண்டு, அந்தச் சுரத்தை மட்டும் வாயால் ‘ம்’ என்று பாடிவிட்டு மேலே போவார். சுவருக்கு இந்தப் பக்கம் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசும். எத்தனையோ நாள் சுவரைத் தட்டப் போய் அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படியே மூன்று வருடம் போனது. அதற்குள் போனில் பாட்டே செய்து கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. நான் சர்ச் பாடகர் குழுவில் இருந்தேன். பழைய ஆர்கனிஸ்ட் வேலை மாறிப் போனதும், விளைச்சலைச் சர்ச்சில் கொண்டுவந்து படைக்கும் அந்த வருடத்து அறுப்பின் பண்டிகைக்கு நானே பின்னணி இசையைத் தயார் செய்தேன். டீ ஆறுவதற்குள் வயலின், புல்லாங்குழல், மணியோசை எல்லாம் வந்துவிட்டன. சர்ச் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் அதைக் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏதோ நானே வாசித்துவிட்ட மாதிரி எனக்கும் மிதப்பாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில்தான் அதே சபைக்காரரான டீச்சர் எழுந்து, காணிக்கைப் பாட்டாகத் தன் கீர்த்தனையைத் தானே வாசிப்பதாகச் சொன்னார்.

“எதுக்கு டீச்சர் செரமப்படுறீங்க? போன்லயே அருமையா வந்துருதுங்களே” என்றார் செயலாளர்.

“பாட்டு போன்ல இருந்துட்டுப் போகட்டுங்க. அதுக்காக நான் ஏங்க கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும்?”

செயலாளர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. டீச்சர் தடுமாறினால் உடனே நான் போனை அமுக்கிவிட வேண்டும். பாட்டு ஸ்பீக்கரில் தொடரும்; சபைக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். அதை அவர் முகத்தில் பார்த்தும் நான் சரி என்றேன்.

பண்டிகையன்று பேத்துப்பாறைக்காரர்கள் கொண்டுவந்த பீன்ஸும் தாண்டிக்குடி மலைவாழைத் தார்களும் பீடத்தருகே குவிந்திருந்தன. கீபோர்டு சர்ச்சுடையது, புதிது. எல்லாக் கட்டையும் பேசும். டீச்சர் முதல் அடியை நேராக வாசித்தார். அந்த இடம் வந்தது. மூன்று வருடப் பழக்கம், விரல் தானாக எழும்பிவிட்டது. பாட்டில் ஒரு குழி. அதற்குள் டீச்சரின் ‘ம்’ மைக்கில் விழுந்து சர்ச் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

என் கட்டைவிரல் போன்மேல்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் குறையில்லாத பாட்டு ஓடியிருக்கும். டீச்சரும் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். மறுபடி எந்தக் கட்டையிலும் விரல் வைத்திருக்க மாட்டார். அந்த ‘ம்’மை மூன்று வருடம் சுவர் வழியாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். இரண்டாம் சரணத்தில் அந்த இடம் திரும்ப வந்தபோது என் வாயும் ‘ம்’ என்றது. டீச்சர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பார்த்ததில் நன்றாக இருந்த இன்னொரு இடமும் தப்பாகிவிட்டது. ஆனாலும் கடைசிக் கட்டைவரை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

“ஏன் தம்பி அமுக்கலை?” என்று செயலாளர் வாசலில் பிடித்துக்கொண்டார். மனசு வரவில்லை என்றேன். டீச்சர் எனக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தார், தன்மேல்.

“ரெண்டாவது தடவை தப்புனது ஒங்களாலதான் தம்பி. மொதத் தடவை எம் பழக்கம். அதை மாத்திருவேன்.”

திங்கட்கிழமை நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. முதல் அடியிலிருந்து தொடங்கியிருந்தார்.

ஓய்வு பெற்றுக் கன்னிவாடிக்கு மகள் வீட்டோடு போகும்போது அந்தக் கீபோர்டுக்குப் பொறுப்பாக என்னை விட்டுப் போனார். ஆறு மாதமாக நான் வாசிக்கிறேன். நாற்பத்தாறு வயதில் என் விரல்கள் பனைமட்டை மாதிரி விறைத்துக்கொள்கின்றன. புதிதாக வந்த கம்ப்யூட்டர் சார் பார்த்துவிட்டு, இதற்குப் போனில் ஒரு நிமிடம் போதுமே என்கிறார். போதும்தான். அந்த ஒரு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும்; என் விரல் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். எந்தச் செயலியாலும் எனக்காக நடை பழகித் தர முடியாது. இன்னும் கெட்டிக்காரத்தனமாக எத்தனை வந்தாலும் வரட்டும். நான் மெதுவாகவே கற்றுக்கொள்வேன், அசிங்கமாகவே வாசிப்பேன், பக்கத்து அறையில் யாருக்காவது பல் கூசினால் கூசட்டும்.

போன மாதம் டீச்சர் போனில் பேசினார். “அந்தக் கட்டையை வெரசாச் சரி பண்ணிருங்க தம்பி. என்னைய மாதிரி தப்பாப் பழகிராதீங்க” என்றார். மலையிறக்கிப் போய்ச் சரி செய்துகொண்டு வந்தேன். பிளாஸ்திரியைப் பிய்த்தாயிற்று, பசை மட்டும் மிச்சம். இப்போது நாலு மணி அடித்திருக்கிறது, ஜன்னலில் பனிமஞ்சு ஏறிவிட்டது. முதல் அடி, இரண்டாம் அடி, அந்த இடம். வாய் ‘ம்’ என்று முந்திக்கொள்கிறது. விரலை எடுக்காமல் அமுக்குகிறேன். பசை ஒட்டுகிறது, சத்தம் வருகிறது.