தேய்ந்த சிலிண்டரும் ராகு காலமும்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்!

எழுமலைப் பக்கம் நான் டீச்சர் வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து தினமும் என் பழைய காரில்தான் போய்வருகிறேன். கார் இல்லையென்றால் இரண்டு பஸ் மாறி, தொங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கார் சில மாதமாகக் கொசு மருந்து வண்டி மாதிரி புகை விட ஆரம்பித்தது. ஆயிலோ... ஊற்ற ஊற்றக் குடித்தது.

"காயலாங்கடைக்குப் போட்டுரலாம்" என்றார் வீட்டுக்காரர்.

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தே தீருவேன் என்று நான் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒரு கெடு வைத்தார். ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்குள் கார் ஓட வேண்டும், புகை வரக் கூடாது. இல்லாவிட்டால் காயலாங்கடைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ரோஷத்தில் நானும் தலையாட்டிவிட்டேன்.

எங்கள் மெக்கானிக் பாண்டியண்ணன் கெட்டிக்காரர். ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் ஸ்பானரைக்கூடத் தூக்க மாட்டார். பட்டறையில் இன்ஜினைப் பிரித்ததுமே நாள் குறித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம காலையில நல்ல நேரம் டீச்சர். பிஸ்டன் ரிங்க மட்டும் மாத்திப் பூட்டி ஸ்டார்ட் பண்ணிருவோம்."

"சிலிண்டர் தேஞ்சிருக்கான்னு பாத்தீங்களாண்ணே?"

"இம்புட்டு பளபளன்னு இருக்கு, மூஞ்சியே தெரியுது... இது எங்கிட்டுத் தேஞ்சிருக்கு?"

பளபளப்பாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? நான் சிலிண்டருக்குள் விரலை விட்டு, நகத்தை மேல்நோக்கி இழுத்தேன். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தட்டி நின்றது. பிஸ்டனில் மாட்டியிருக்கும் ரிங் மேலும் கீழும் உரசிய இடம் தேய்ந்து உள்வாங்கியிருக்கிறது, உரசாத இடம் வரப்பு மாதிரி நிற்கிறது!

"இவ இப்ப யூடியூப் மெக்கானிக்" என்று சிரித்தார் கூட வந்திருந்த வீட்டுக்காரர். ஆமாம், யூடியூபில்தான் பார்த்தேன். அதிலென்ன குறைச்சல்?

புது ரிங் ஒன்றைச் சிலிண்டரின் அடிப்பக்கம் வைக்கச் சொன்னேன். ரிங் முழு வளையம் இல்லை, ஓரிடத்தில் வெட்டியிருக்கும். அடியில் வைத்தபோது அந்த இரண்டு முனைகளும் கிட்டத்தட்ட ஒட்டி நின்றன. அதே ரிங்கை மேலே, அந்த வரப்புக்குக் கீழே நகர்த்தினோம். முனைகள் விலகி, நடுவில் நன்றாகவே ஓர் இடைவெளி தெரிந்தது. மேலே அவ்வளவு தேய்மானம்!

பாண்டியண்ணன் அளவுக் கருவியை எடுத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்தார்.

"வட்டமே கோணிப்போச்சு டீச்சர். இதுல ரிங்க மட்டும் மாத்துனா ஆயில் மேல ஏறத்தான் செய்யும். லேத்துக்குக் கொண்டுட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் வந்தது, போனது. லேத்தில் சிலிண்டர்களைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்கி, அதற்குத் தோதாகப் பெரிய பிஸ்டன்களும் வாங்கினோம். திரும்பி வந்த சிலிண்டரில் அந்தப் பளபளப்பு இல்லை. சுவர் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள். ஆயில் நிற்பதற்காகவே போடுகிற கோடுகளாம்.

நாமும் மனிதர்களுக்குப் பளபளப்பைப் பார்த்துத்தானே சர்டிபிகேட் கொடுக்கிறோம்? தினமும் உரசித் தேய்கிற இடத்தை யார் தொட்டுப் பார்க்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை ஏற்றி, எல்லாம் பூட்டி முடிக்கும்போது நாலரை தாண்டிவிட்டது. பாண்டியண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"ராகு காலம் வந்திருச்சு டீச்சர். ஆறு மணிக்கு மேல பாப்போம். இப்ப நான் சாவியத் தொட மாட்டேன்."

பட்டறை வாசலில் காயலாங்கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றார். வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்... நானே ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். திணறியது... திணறியது... பிடித்துக்கொண்டது!

பின்னால் குபீரென்று புகை. போச்சு என்று சாவிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"பூட்டுறப்ப தடவுன ஆயில் டீச்சர்! எரியட்டும், ஆஃப் பண்ணிராதீக!" என்று கத்தினார் பாண்டியண்ணன்.

புகை மெலிந்தது. பிறகு நின்றேபோனது. வீட்டுக்காரர் தன் வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சரிடம் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "சரி... ஒத்துக்கிறேன்" என்றார். ராகு காலத்தை மறந்து பாண்டியண்ணன் விசிலே அடித்துவிட்டார். காயலாங்கடைக்காரர் காலி வண்டியோடு கிளம்பினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை காலை ஜம்மென்று கிளம்பினேன். புது ரிங்கும் சிலிண்டரும் பழகும்வரை வண்டியை விரட்டக் கூடாது என்பது பாண்டியண்ணன் உத்தரவு. உசிலம்பட்டி ரோட்டில் பஸ் என்னை முந்தியது. மினி லாரி முந்தியது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது.

போகட்டுமே... ஜெயித்தவளுக்கு என்ன அவசரம்?