போறணை அறைக் கதவு

கதையென்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணம் குருநகருக்கு வாருங்கள். அறையைக் காட்டுகிறேன். கதவில் என் நகக்கீறல்கள் இன்னும் இருக்கின்றன.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் ஒரு போறணை அறை. ஒருகாலத்தில் பேக்கரி அடுப்பு வைத்துப் பாண் சுட்ட இடம். எனக்கோ ஈஸ்ட் போடாமல், மாவையும் தண்ணீரையும் தானாகப் புளிக்கவைத்துப் பாண் சுடும் பைத்தியம். லண்டனில் இருக்கும் என் லியோன் அண்ணை பாண் மெஷின் ஒன்றும் அனுப்பியிருந்தார். மாவைக் குழைத்துப் பொங்கவைப்பது அதன் வேலை.

"சந்தியிலை சுடச்சுடப் பாண் விக்கிறான். நீ ஏழு நாளாய் ஒரு போத்தல் புளிமாவுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருக்கிறாய்!" என்று என் கணவர் றஜிந்தன் சிரிப்பார்.

வீட்டுக்குள் அசையாத புளிமா, அந்த அறையில் வைத்ததும் ஒரே நாளில் பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும், எங்கள் வீட்டுச் சொந்தக்காரி லூர்த்தம்மா அன்ரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மா பொங்கேக்கை அந்தக் கதவைச் சாத்திப்போடாதை, பிள்ளை."

போன சனிக்கிழமை. பட்டப்பகல் 2.10. மாவையும் புளிமாவையும் மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். கடற்காற்று புழுதியை அள்ளி வந்தது. மாவில் விழுந்துவிடுமே என்று கதவைச் சாத்தினேன்.

டங்!

வெளிக்கொண்டி விழுந்துவிட்டது. இரும்புக் கதவு. ஜன்னல் இல்லை. போன் வீட்டுக்குள், குசினியில். றஜிந்தன் வர ஐந்து மணியாகும்.

2.25. கரண்ட் நின்றது. விளக்கு அணைந்தது. கதவிடுக்கில் மட்டும் நூல் போல வெளிச்சம்.

மெஷின் நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

மா குழையும் சத்தமல்ல அது. யாரோ தட்டும் சத்தம். மெஷினுக்கு உள்ளேயிருந்து.

2.50. வெக்கை. மூச்சு முட்டியது. கதவில் அடித்தேன், நகத்தால் கீறினேன். "ஆராவது திறவுங்கோ!"

நான் அடித்தால் அதுவும் அடித்தது. நான் நிறுத்தினால்... அதுவும் நிறுத்தியது.

3.05. மூடி எழும்பி எழும்பி விழுந்தது.

தாங்க முடியவில்லை.

திறந்தேன்.

கதவிடுக்கு வெளிச்சத்தில், மாவின் மேல் ஒரு கை. கீழேயிருந்து மேலே தள்ளிய கை. நான்கு விரல்கள். மோதிரவிரல் இல்லை.

காற்றுப் போல ஏதோ என்னைக் கடந்தது...

கிளிக்.

கதவு திறந்தது. எனக்கு முன்னால் அது வெளியே போனது.

அன்ரி வீட்டு வாசலில் போய் விழுந்தேன். திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி இருத்தினார்.

"என்ரை மனிசன்தான் அங்கை பாண் சுட்டவர். மாக் குழைக்கிற மெஷின் அவரின்ரை மோதிரவிரலை எடுத்தது. யுத்த நேரம் ஷெல் விழுந்து, அவர் உள்ளுக்கை இருக்கேக்கை கதவை இடிபாடு மூடிப்போட்டுது. ரெண்டு நாளாவது தட்டியிருப்பார். ஊர் முழுக்க ஓடிப்போட்டுது. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. உள்ளுக்கையே செத்துப்போனார்." என் கையைப் பிடித்தார். "நீ மூடியைத் திறந்தனியோ?"

"ஓம், அன்ரி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இஞ்சருங்கோ... ஏன் வாசலிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

நான் தனியாகத்தான் போயிருந்தேன்.