தையல் மெஷின் எண்ணெய்

என் கணவர் பொறியியல் கல்லூரியில் உலோகவியல் சொல்லிக்கொடுத்தார். தொண்ணூறுகளில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாம்பாரைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது பீங்கான் பிரேக் டிஸ்க். வெளிநாட்டில் காருக்காகச் செய்து சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். துருப் பிடிக்காதாம், எடை பாதிகூட வராதாம், பழுக்கச் சூடேறினாலும் பிடி தளராதாம். குறையே கிடையாதா என்று கேட்டால் அதையும் விடமாட்டார். விலை நம் காரையே விழுங்கிவிடும், ஓரத்தில் அடிபட்டால் சில்லு பெயரும், சூடேறுவதற்கு முன் சிலது சரியாகப் பிடிக்காது என்பார்.

எனக்குத் துருப் பிடிக்காது என்பது மட்டும்தான் மனதில் தங்கியது. ராஜா அண்ணாமலைபுரத்துக் கடல் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும். ஒரு ராத்திரி மழை பெய்தால் போதும், எங்கள் சின்னக் காரின் முன்சக்கர ஓட்டைகள் வழியே, பிரேக் கவ்விப் பிடிக்கிற இரும்பு டிஸ்க் செங்கல் நிறத்தில் தெரியும். "ரெண்டு தடவை பிரேக்கை அழுத்தினா தானே போயிடும்" என்பார். நான் கேட்கிற ஆளா?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நல்ல மழை. பூஜையன்று அவர் மூச்சிழுப்பு வந்து படுத்துவிட்டார். நானே காரைக் கழுவினேன், தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். நீள மூக்கு வைத்த அந்த எண்ணெய் டப்பா கையிலேயே இருந்தது. சாமிக்கு முன்னால் துருவோடு நிற்கிறதே என்று சக்கர ஓட்டைக்குள் மூக்கை விட்டு, இரண்டு டிஸ்க்குக்கும் தாராளமாக எண்ணெய் விட்டேன். பிறகு காருக்குச் சந்தனம் வைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விஜயதசமி விடிந்தபோது இழுப்பு முற்றிவிட்டது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. அடையாறு ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது, நீங்களே உடனே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். தெருமுனையில் மாலை போட்ட ஆட்டோக்கள் நின்றன, ஓட்ட ஆளில்லை. அவரைக் காரில் ஏற்றிக் கிளப்பினேன். சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

முதல் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன். கார் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. பூக்கூடையோடு வந்த சைக்கிள்காரர் எகிறிக் குதித்து, "இன்னாம்மா, கண்ணு தெர்ல?" என்று கத்தினார். அப்போதுதான் எண்ணெய் ஞாபகம் வந்தது. பீங்கானாக இருந்தாலும் எண்ணெயில் வழுக்கத்தான் செய்யும். என்னைப் போன்ற முட்டாளுக்கு எந்த டிஸ்க் போட்டுத்தான் என்ன?

முதல் கியரைவிட்டு மாற்றவில்லை, பின்சக்கரத்தைப் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. காலியாகக் கிடந்த சாலையில் ஊர்ந்தேன். பக்கத்தில் அவர் ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்தார். வேகமாகப் போனால் எதிலாவது மோதி இரண்டு பேரும் போவோம், மெதுவாகப் போனால் இவர் போய்விடுவார். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், திட்டவும் திட்டினேன். அடையாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போனது. "ஏன்னா, கண்ணை மூடாதீங்கோ. பேசுங்கோ. அந்தப் பீங்கானைப் பத்தியாவது பேசுங்கோ!" என்று அழுதேன். அவர் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நடைபாதை விளிம்பில் இடித்துத்தான் கார் நின்றது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டு, மாஸ்க் வைத்து, அவர் முகத்தில் ரத்தம் திரும்பும்வரை நான் சுவரோரம் நின்றேன்.

டாக்டர் என்னிடம் வந்து, "போன் பண்ணி எவ்வளவு நேரமாச்சும்மா! இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். ஏன் லேட்?" என்று கேட்டார்.

"டிராஃபிக்" என்றேன்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். விடுமுறை நாள். சாலையில் ஒரு மாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்த என் கணவர் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"ஆமாம் டாக்டர், பயங்கர டிராஃபிக்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.