வெஸ்பாவுக்கு எண்ணெய்

பழைய ஸ்கூட்டர் திருத்தும் தொழிலில், வண்டி கடைக்குள் நிற்கும்வரை அது வாடிக்கையாளரின் தலைவலி. திருத்தி வெளியே அனுப்பிய பிறகு நம்முடையது. செய்த வேலை நடுத்தெருவில் காலை வாருமோ என்று கைபேசியைப் பார்த்தபடியே சோறு தின்னும் சகோதரர்களே, என்னை லண்டன் தெருவெல்லாம் ஓடவைத்த ஒரு ஸ்கூட்டரின் கதையைக் கேளுங்கள்.

சங்கிலி எங்கே?

நான் இத்தாலியில், பலர்மோவில் வேலை பழகி லண்டனுக்கு வந்தவன். சட்டனில் ரயில் பாலத்தின் கீழே நானும் செல்வம் அண்ணையும் கடை வைத்திருக்கிறோம். குரோய்டனில் கணினி வேலை பார்க்கும் மதுரைக்காரர் சரவணன், வெஸ்பாவின் ஆரம்பகால மாடல் ஒன்றை இத்தாலியிலிருந்து வரவழைத்து நேரே எங்களிடம் இறக்கினார். அவர் மனைவி மீனா வண்டியைச் சுற்றி வந்து, சங்கிலி அறுந்துவிட்டதா என்று கேட்டார்.

சங்கிலியே கிடையாது என்றேன். இரண்டாம் உலகப்போர் முடிந்து விமானம் செய்ய வழியில்லாமல் நின்ற தொழிற்சாலையில், மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காத ஒரு விமானப் பொறியாளர் வரைந்த வண்டி இது. கிரீஸ் படக்கூடாது என்று எஞ்சினைப் பின்சில்லோடு சேர்த்து மூடிவிட்டார். கால் வைக்கத் தட்டையான தளம். முன்சில்லை விமானச் சில்லுப்போல ஒரே பக்கத்தில் பிடித்திருக்கும். மீனாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"பரவாயில்லண்ணே, சேலை கட்டுறவங்கள நெனச்சு ஒருத்தன் வண்டி செஞ்சிருக்கான்."

வலப்பக்கத்துக் கனம்

இதில் எஞ்சின் வலப்பக்கம். இடப்பக்க வீக்கம் வெறும் பெட்டி. பாரம் குறைந்த வண்டிதான், ஆனால் அந்த வலப்பக்கக் கனம் பழகாதவரை இழுக்கும். கியரும் இடது கைப்பிடியில். சரவணனிடம் லைசென்ஸ் இருந்தது, பழக்கம் இல்லை. எங்கள் சந்தில் முதல்முறை ஓட்டியபோது குப்பை லொறியை உரசாமல் தப்பியது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு மூடி எண்ணெயும் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இறுகி ஓட்டத்திலேயே பின்சில்லு பூட்டிக்கொள்ளும் என்று இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரவணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டலண்ணே, அதுதான் என்னை ஓட்டுது."

மேசையில் நின்ற போத்தல்

ஈஸ்ட் ஹாமில் மீனாவின் சிநேகிதிக்குக் கல்யாணம். இருவரும் பட்டும் ஹெல்மெட்டுமாக வந்து வண்டியை எடுத்தார்கள். தாங்கியில் பெற்றோல் கொஞ்சம்தான் இருக்கிறது, வழியில் அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். எண்ணெய்ப் போத்தலை இடப்பக்கப் பெட்டியில் வைத்திருந்தேன்.

நான் குனிந்து சில்லுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மீனா அந்தப் போத்தலை விரல் நுனியால் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் பரிசுச் சேலையையும் மல்லிகைச் சரத்தையும் வைத்திருக்கிறார். பட்டில் எண்ணெய் பட எந்தத் தமிழ்ப் பெண் விடுவாள்? அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் போத்தல் என் கண்ணில் பட்டது. தொலைபேசி அடித்தேன், ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு எங்கே கேட்கும்? இனி வெறும் பெற்றோலில் ஓடிக்கொண்டிருப்பார்கள், வழியில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் போகும் பிளாக்வால் சுரங்கம் வேறு. செல்வம் அண்ணை எங்கள் வான் வண்டியின் சாவியை என் மேல் எறிந்தார்.

"சுரங்கத்துக்கை சில்லு பூட்டினால் பின்னாலை வாற லொறி நிக்காது, இஞ்சை நிண்டு என்ன யோசிக்கிறாய், ஓடு!"

சுரங்க வாசல்

வழிநெடுக அவர்களைக் காணவில்லை. சுரங்கத்துக்கு முன்னே வாகனங்கள் அசையாமல் நின்றன. உள்ளே ஏதோ நின்றுவிட்டது என்று வானொலி சொன்னது. என்ன வாகனம் என்று மட்டும் சொல்லவில்லை. மீனாவின் பட்டுச்சேலை கண்ணுக்குள் வந்து வந்து போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஒரு வழியாக, செம்மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்தார். உள்ளே நிற்பது ஸ்கூட்டரா, இரண்டு பேர் போன பழைய ஸ்கூட்டரா என்று ஜன்னலால் கத்திக் கேட்டேன். பழுதாகி நிற்பது ஒரு கார் என்றார் அந்த வெள்ளைக்காரர்.

"ஸ்கூட்டர் எப்போதோ போய்விட்டது, மருந்துக்கடை தீப்பிடித்த மாதிரி ஒரு மணத்தை விட்டுவிட்டு."

மண்டப வாசல்

ஈஸ்ட் ஹாம் மண்டப வாசலில் வெஸ்பா கம்பீரமாக நின்றது. பக்கத்தில் போனதும் மூக்கு அடையாளம் கண்டது: ஆமணக்கெண்ணெய். பந்தயக்காரர்கள் ஒருகாலத்தில் எஞ்சினுக்கு ஊற்றியது என்று பலர்மோவில் கேட்டிருக்கிறேன்; கொஞ்சத் தூரத்துக்குத் தாங்கும். பெற்றோல் நிலையத்தில் போத்தலைத் தேடியபோதுதான் மீனாவுக்கு மேசை நினைவு வந்திருக்கிறது. நான் கொடுத்த அந்த எண்ணெய் அங்கே இல்லை. எதிரில் ஒரு தமிழ்க் கடை இருந்திருக்கிறது. நான் கும்பிடாத குறையாக நின்றேன். மீனா தலையில் மல்லிகையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"இருக்கறதிலேயே கெட்டியான எண்ணெய் குடுங்கன்னேன்ணே, குழந்தைக்கு வயித்துக்கா, தலைக்கான்னு கேட்டாரு, வெஸ்பாவுக்குன்னேன்."

அன்றிலிருந்து என் கடையில் எண்ணெய்ப் பாடம் ஓட்டுகிறவருக்கு அல்ல, பின்னால் உட்காரப் போகிறவருக்குத்தான்.