தூர வலிக்கு மருந்து

"நானா... இந்தத் தூர வலிக்கு ஏதும் மருந்து இருக்குங்களா?"

கேட்டவள் செல்வி. கேட்ட இடம், திகனயில் ஒரு முஸ்லிம் நானாவின் நாட்டு மருந்துக் கடை. துணைக்குப் போனவள் நான். கேட்கும்போது அவள் கண்கள் கடைக்காரர் முகத்தை விட்டுவிட்டுப் பெருங்காய டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் பக்கத்தில் மாதவிடாயைத் 'தூரம்' என்றுதான் சொல்வோம். பாவம், அந்த நானாவுக்கு அது தெரியவில்லை.

"எவ்வளவு தூரம்? பஸ்ஸிலயா, நடந்தா?"

செல்வி வாயில் வந்த ஊர்ப் பெயரை உளறினாள்: "பு... புசல்லாவை." அவர் முழங்காலுக்குப் பூசும் தைலப் போத்தலை எடுத்து வைத்தார்! எனக்கென்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் செல்விக்கு இது சிரிக்கும் விஷயமா என்ன? மஹய்யாவையில் என் பக்கத்து வீட்டுப் பெண். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. மாதா மாதம் வலியில் சுருண்டுவிடுவாள்; முதலாளியிடம் 'காய்ச்சல்' என்பாள். இன்னொரு தடவை லீவு போட்டால் வேலை இல்லை என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

உள்ளே சரக்குப் புடைத்துக்கொண்டிருந்த நானாவின் மனைவி எழுந்து வந்தார்.

"வயித்து நோவெண்டு வாயத் தொறந்து சொல்லேலாதா, மகள்?"

அதன் பிறகு அந்த ராத்தா கேட்ட கேள்விகள் இருக்கிறதே! வலி இடுப்புக்கு இறங்குமா? வாந்தி வருமா? மாதத்துக்கு மாதம் கூடுகிறதா? நாள் தள்ளிப் போயிருக்கிறதா? எல்லாம் கேட்டுத்தான் சதகுப்பை, ஓமம், சுக்கு மூன்றையும் இடித்துப் பொட்டலம் கட்டினார். கொதிக்க வைத்து, கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம்.

"இதுக்கும் கேக்கல்லண்டா எனக்கிட்ட வரவாணாம். டொக்டர்ட்ட போங்க."

வாடிக்கையாளரைப் பார்த்து வராதே என்று சொல்ல எத்தனை கடைக்காரர்களுக்கு மனசு வரும்? சும்மா சொல்லக்கூடாது, அந்த இடத்திலேயே நான் ராத்தாவின் ரசிகையாகிவிட்டேன்.

போன வாரம் செல்விக்கு வலி வந்தது. கஷாயத்தை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். நன்றாகவே குறைந்ததாம் — ஆனால் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் அளவுக்கு இல்லை. வேறு வழியில்லாமல் முதலாளியிடமே போய் நின்றாள்.

"காய்ச்சல் இல்லீங்க முதலாளி. மாசாமாசம் வர்ற வயித்து வலி. லீவு வேணாங்க... கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."

முதலாளி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையையே இழுத்துப் போட்டாராம்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பொய் சொல்லி லீவு போடுறன்னுல்ல நான் கோவப்பட்டேன்!"

இத்தனை நாளாய் செல்வியின் வேலைக்கு உலை வைத்தது வயிற்று வலியே இல்லை... வராத காய்ச்சல்தான்!