அம்பு ஒட்டிய கிட்டார்

என் வீட்டுக்காரர் எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் கழுத்துப் பக்கம்தான் பார்ப்பார். தண்ணீர் பாட்டிலானாலும் சரி, மேசை விளக்கானாலும் சரி. பழக்க தோஷம். சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் கடைசிச் சோதனை மேசையில் நிற்பவர் அவர். தைத்து, தேய்த்து, மடிக்கப்போகிற ஒவ்வொரு சட்டையும் அவர் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகவேண்டும். காலரில் ஆரம்பிப்பார். தோள், கை, பித்தான், கீழ் ஓரம் என்று ஒரு சுற்று சுற்றி மறுபடி காலருக்கே வந்து நிற்பார். நூல் பிசிறோ, தையல் விட்ட இடமோ, எண்ணெய்ப் பொட்டோ கண்ணில் பட்டால், நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார். அம்பே இல்லாத சட்டை பாஸ். சரிசெய்யக் கூடியது ஆல்டர். எதற்கும் தேறாதது ரிஜெக்ட். மேசையைச் சுற்றி மூன்று கூடைகள். கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, அம்பு என்றுதான்.

அது கம்பெனியோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அந்த ஸ்டிக்கர் சுருள் அவர் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. குளியலறைக் கதவின் கீலில் ஒரு அம்பு. பெயிண்ட் அடித்தவர் விட்டுப்போன சுவர் மூலையில் ஒரு அம்பு. மகள் சின்ன வகுப்பில் இதயம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கி வந்தாள். ஆசிரியை போட்ட அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே, இடது பக்கம் வீங்கியிருக்கிறது என்று அம்பு ஒட்டிக் கொடுத்த மகராசன் இவர். ஒரு மின்விசிறியை நாங்கள் மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுத்ததில், அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் எங்களைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். வீட்டில் ஆசைப்பட்டு வாங்கிய எதுவும் நிலைத்ததில்லை. நிலைத்தவள் நான் ஒருத்திதான். அதுவும் என்னைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் என்று மகள் சொல்வாள்.

என் பிழைப்பு அதற்கும் மேல். துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்பது என் வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் கழற்றும்வரை திட்டுதான். தண்ணீர் ஒழுகுகிறது, சட்டை கிழிந்துவிட்டது, உங்கள் கம்பெனி நாசமாய்ப் போக. எல்லாவற்றுக்கும் நான் குழைந்து குழைந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். காதில் ரத்தம் வராத குறைதான். வீட்டுக்கு வந்தால் இவர் கதவைத் திறந்ததும் என் பையின் வார் பிய்ந்திருப்பதைச் சொல்வார்.

இந்த லட்சணத்தில்தான், அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி ஒருநாள் தன் தம்பியின் எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிச் சொன்னாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தால் வாசிக்கிறவருக்கு மட்டும்தான் கேட்குமாம். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ கம்பி உரசுகிற சத்தம், அவ்வளவுதான். எனக்கு அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் எந்தக் காதில் ஊரார் திட்டு இறங்குகிறதோ, அதே காதில் சாயங்காலம் நானே உண்டாக்கிய நல்ல ஓசை ஒன்று இறங்கவேண்டும். பாட்டுகூட வேண்டாம். பிசிறில்லாத ஒரே ஒரு ஓசை. அதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கடையில் பின்பக்கம் ஒரு மூலையில் குறையுள்ள சரக்கைப் பாதி விலைக்கு வைத்திருந்தார்கள். கறுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கிட்டார். விற்பனைப் பெண் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் காட்டினாள். அடிப்பக்கம் வண்ணம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. கம்பியை முறுக்கும் காதுகளில் ஒன்று ஆடுகிறது. விரல் அழுத்தும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின் முனை சில இடங்களில் கூர்மையாக இருக்கிறது. "பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க மேடம், எடுத்துக்கிறோம்" என்றாள். ஹெட்போன் மாட்டுகிற சின்னப் பெட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கட்டிலில் பிரித்து வைத்திருந்தபோது இவர் வேலை முடிந்து வந்தார்.

"என்ன இது?"

"கிட்டார்."

"அது தெரியுது. யாருது?"

"என்னுது."

போய்க் கை கழுவினார். துண்டில் துடைத்தார். மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, குறை இருக்குன்னு தெரிஞ்சேதான் வாங்கியிருக்கேன். அதனாலதான் பாதி விலை. நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்."

"சும்மாதான் பாக்குறேன்."

சும்மாவாம்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கழுத்தில் ஆரம்பித்தார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினார். நிறுத்தினார். சட்டைப் பைக்குள் கை போனது. அப்புறம் அந்தக் கை நிற்கவே இல்லை. நான் தலைகீழாக நின்றாலும் அவர் காதில் விழாது என்று தெரிந்து, சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினேன். கல்லூரியிலிருந்து வந்த மகள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, உன் கிட்டாருக்கு அம்மை போட்டிருக்கு."

போய்ப் பார்த்தேன். கறுப்பே தெரியவில்லை. விற்பனைப் பெண் காட்டாத குறைகளுக்கெல்லாம் அம்பு. ஒரு திருகாணியின் தலை தேய்ந்திருக்கிறது, அதற்கு ஒன்று. வண்ணத்துக்கு அடியில் தூசு மாட்டியிருக்கிறது, அதற்கு ஒன்று. இவர் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிஜெக்ட்" என்றார்.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்பை எடுக்கக்கூடாதாம், கடையில் காட்டவேண்டுமாம். அம்புகளோடேயே மடியில் வைத்து, போன் திரையில் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி முதல் பாடத்தை ஆரம்பித்தேன். கம்பியை அழுத்தி மீட்டினால் ஓசை வரவில்லை, நறநறவென்று ஒரு இரைச்சல்தான் வந்தது. விரலை மாற்றினேன், இரைச்சல். மெதுவாக மீட்டினேன், இரைச்சல். உலோகக் கட்டையின் முனை கீறி விரலோரம் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் சாயங்காலம் உட்கார்ந்தேன். பகலெல்லாம் திட்டு, சாயங்காலம் இரைச்சல். இதற்கா ஆசைப்பட்டேன் என்று அழுகை வந்தது.

மூன்றாம் நாள் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கேக்க நல்லா இருக்கா?"

"இரையுது."

"இரையுறது அதனாலயா, உன்னாலயா?"

"எனக்கெப்படி தெரியும்? இப்பதான கத்துக்கிறேன்."

"அதான் சொல்றேன். கத்துக்கிறவளுக்கு முதல்ல சரியான பொருள் வேணும். நீ தப்பா, அது தப்பான்னே தெரியாம எத்தனை நாளைக்குக் குத்திக்கிட்டு இருப்ப?"

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி. நான் தினமும் புகார்க்காரர்களிடம் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்: குறை இயந்திரத்திலா, இயக்குகிற விதத்திலா? அது தெரியாதவருக்கு எங்கள் கம்பெனியில் விமோசனம் கிடையாது. இரண்டு நாள் மனத்தில் போட்டு உருட்டினேன். கடைசியில், "சரி, குடுத்துடலாம்" என்றேன். ஆசைப்பட்டு வாங்கியது, ஒரு நல்ல ஓசைகூடக் கேட்காமல் திரும்பிப் போகிறதே என்று இருந்தது.

அவருக்கோ ஒரே உற்சாகம். "நான் பேக் பண்றேன், நீ ஒண்ணும் தொடாத" என்றார். கடையில் காட்டவேண்டும் என்றவரே, வாங்கினபடியே சுத்தமாகக் கொடுக்கவேண்டும் என்று அம்புகளை உரித்தார். துணியில் ஒட்டுவதற்கென்று செய்த பசை, கிட்டாரை விட்டுப் போகமாட்டேன் என்றது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. சட்டையில் எண்ணெய்ப் பொட்டை எடுக்கக் கம்பெனியில் ஒரு திரவம் வைத்திருப்பார்கள், அதில் கொஞ்சம் சின்னச் சீசாவில் கொண்டுவந்திருந்தார். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பசை இருந்த இடத்தில் மட்டும், ஓரம் தாண்டாமல், ஒவ்வொரு அம்பாகத் துடைத்தார். எத்தனை நிதானம்! துணிக்கு ஒன்றும் செய்யாத அந்தத் திரவம் கிட்டாரின் பளபளப்பைத் தின்றுவிட்டது. ஈரம் காய்ந்ததும் கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் அம்பு அம்பாக எழுந்து நின்றது. இவ்வளவு கச்சிதமாக ஒரு பொருளை யாரும் கெடுத்திருக்கமாட்டார்கள்.

"லைட்டா தெரியுது. கடையில கவனிக்க மாட்டாங்க" என்றார்.

வாழ்நாளெல்லாம் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர் சொல்கிற பேச்சா இது? தலையில் அடித்துக்கொண்டு அவரோடு பேருந்து ஏறினேன்.

அதே விற்பனைப் பெண்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பெட்டியைத் திறந்தாள். கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவளும் கழுத்திலிருந்துதான் ஆரம்பித்தாள்.

"பெயிண்ட் போனது எங்களுது. காது ஆடுறது எங்களுது. இந்த அம்பெல்லாம் யாருது சார்?"

"அது... குறை எங்கெங்க இருக்குன்னு காட்டுறதுக்காக."

"எங்களுக்கு நீங்க காட்டவே வேணாமே. குறை இருக்குன்னு சொல்லித்தான வித்தோம்? இதை நான் எடுத்துக்க முடியாது சார்."

அவர் தையல் என்றார், தரம் என்றார், பசை தயாரித்தவன் என்றார். அவள் சிரிப்பு மாறாமல் தலையை ஆட்டினாள். என் தொழில் அல்லவா, எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்பை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. ரிஜெக்ட் செய்யப்பட்ட பொருளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ரிஜெக்ட் செய்தவர் வெளியே வந்தார்.

பேருந்தில் நான் வாயைத் திறந்தவள் மூடவில்லை. வேண்டும் என்றபோது வேண்டாம் என்றீர்கள். வேண்டாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு என் தலையிலேயே கட்டிவிட்டீர்கள். இருந்த குறை போதாதென்று கூடக் குறை வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லாம் சொன்னேன். முன் இருக்கைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இவர் கிட்டாரைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இனி இந்த வீட்டில் யாரும் கிட்டார் என்ற பேச்சை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அறைக்குள் கட்டிலில் இவர் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரை மடியில் குப்புறப் போடாத குறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விளக்கு. கழுத்தின் அடிக்கட்டையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு கம்பியாக அழுத்துவதும் மீட்டுவதும் கேட்பதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினார். திருட்டு முழி.

"என்ன பண்றீங்க?"

"செக் பண்றேன்."

"இன்னுமா? இதுக்கு மேல செக் பண்ண அதுல என்ன இருக்கு?"

"இல்ல. அன்னிக்கு நான் வெளியில மட்டும்தான் பாத்தேன். மீட்டிப் பாக்கவே இல்ல." கிட்டாரில் இருந்த ஒரு தழும்பை விரலால் தேய்த்தார். "சட்டைய எவனும் போட்டுப் பாத்து செக் பண்ண மாட்டான். அந்தப் பழக்கத்துல விட்டுட்டேன்."

இருபது வருஷத்தில் அந்த வாயிலிருந்து விட்டுட்டேன் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்ப இரைச்சல்?"

"அது கிட்டார்ல இல்ல. நீ ரெண்டு கட்டைக்கும் நடுவுல அழுத்துற. கட்டையை ஒட்டி அழுத்தினா இரையல."

பார்த்தீர்களா! கடைசியில் குறை என்னிடம்தான் என்று முடிந்தது. நான் எழுந்துபோக இருந்தேன். அதற்குள் அவர் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஒரு அம்பை உரித்தார். கிட்டாரின் கழுத்தோரத்தில், உலோகக் கட்டையை ஒட்டி, விரல் வைக்கவேண்டிய இடத்தைக் காட்டி ஒட்டினார்.

"இங்க வை."

"அங்கயும் தழும்பு விழும்."

"விழட்டும்" என்றார்.

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். அம்பு காட்டிய இடத்தில் விரலை வைத்து, எரிகிற எரிச்சலோடு அழுத்தி மீட்டினேன். வந்தது. பிசிறே இல்லாமல் வந்து, அடங்காமல் நீண்டு, காலையிலிருந்து காதில் தேங்கியிருந்த அத்தனை பேரின் திட்டையும் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்துகொண்டேன். அவருக்கு ஒன்றும் கேட்காது, கம்பி உரசுகிற சத்தம் மட்டும்தான்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போனின் ஒரு காதை மெல்ல விலக்கி, "என்ன, இன்னும் இரையுதா?" என்றார்.

"இரையுது" என்றேன்.

அவர் விளக்கைக் கிட்டே இழுத்து, மறுபடியும் கழுத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். நான் இன்னொரு தடவை மீட்டினேன்.